விரலில் இல்லாத பிளாஸ்திரி

மத்தியானம் மூன்று இருபத்திரண்டுக்கு என் மகளின் இடது ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி இல்லை என்பதைக் கவனித்தேன். நேரம் எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஒரு மிளகுச் சாம்பிளின் ஈரப்பதத்தைப் பார்த்து, பக்கத்தில் நேரத்தையும் குறித்துக்கொண்டிருந்தேன். ஈரப்பதம் எழுத வேண்டிய கட்டத்தில் 'பிளா' என்று எழுதி நிறுத்தியிருக்கிறேன். மேலாளர் அந்தத் தாளை இன்னும் பார்க்கவில்லை.

மட்டாஞ்சேரியில் ஒரு மசாலா ஏற்றுமதிக் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. தின்னும் பொருளைக் கையாளும் இடங்களில் பிளாஸ்திரி நீல நிறத்தில் இருக்கும். மிளகிலோ சுக்கிலோ கழன்று விழுந்தால் உடனே கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. அன்று காலை எட்டு மணிக்கு என் மகள் மரவள்ளிக் கப்பை நறுக்குகிறேன் என்று கப்பையோடு விரலையும் நறுக்கிக்கொண்டாள். என் கைப்பையிலிருந்து ஒரு நீலப் பிளாஸ்திரியை எடுத்து நான்தான் சுற்றி ஒட்டினேன். பத்தடி தள்ளி நின்றாலும் தெரிகிற நீலம் அது.

அந்த நீலம் இப்போது இல்லை. பிளாஸ்திரி மட்டுமல்ல, வெட்டுக் காயமும் இல்லை. ஈரப்பதமானியில் சாய்த்து வைத்திருந்த என் போனில், சாம்பல் நிறக் குர்த்தாவோடு நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கால் மேல் இரண்டு கைகளையும் பரப்பி வைத்திருந்தாள். விரல்கள் சுத்தமாக இருந்தன.

போனுக்குள் மகள் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

அவள் ஓவியக் கல்லூரியில் நான்கு வருடம் படித்தாள். படித்து முடித்ததும், பஜார் ரோட்டில் பழைய சுக்கு கோடவுன் ஒன்றில் நடந்த இளைஞர் கண்காட்சியில் அவளுக்கு ஒரு அறை கொடுத்தார்கள். ஏதாவது வரைந்து மாட்டுவாள் என்று நான் நினைத்திருந்தேன். அவள் மாட்டியது ஒரு திரை. ஆள் உயரத்தைப் போல மூன்று மடங்கு. திரைக்குப் பின்னால் பலகை வைத்து அடைத்த ஒரு சின்ன அறை, அதில் ஒரு நாற்காலி, எதிரே ஒரு கேமரா. காலை பத்து முதல் மாலை ஆறு வரை அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்திருப்பாள். முன்னால் பெரிய திரையில் அந்த உருவம் தெரியும். வர முடியாதவர்கள் வீட்டிலிருந்தே போனில் பார்க்க ஒரு இணைப்பும் உண்டு.

"சும்மா உட்கார்ந்திருக்கறதுக்குப் பேரு கலையா?" என்று கேட்டேன்.

"நானும் அதைத்தான் செய்யறேன். எனக்கு சம்பளமே தர்றாங்க," என்றார் என் கணவர். அவருக்கு வைட்டிலா பஸ் நிலையத்தில் டைம் கீப்பர் வேலை.

"சும்மா இல்லம்மா," என்றாள் மகள். "என் உடம்பு இங்க இருக்கு. எல்லார் கண்ணும் அங்க திரைக்குப் போகுது. அதைத்தான் காட்டறேன்."

"உடம்பு எங்க இருக்கோ அங்கதானடி கண்ணும் போகும்."

"சரி. இந்தப் பத்து நிமிஷமா நீ எங்க பாத்துப் பேசிட்டிருக்க?"

நான் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

திரைக்குப் பக்கத்தில் பலகையில் ஒரு சதுரத் துவாரம் வெட்டி, அதன் மேல் ஒரு சாக்குத் துணியைத் தொங்கவிட்டிருந்தாள். யார் வேண்டுமானாலும் அந்தச் சாக்கை விலக்கி, உள்ளே உட்கார்ந்திருப்பவளை நேரில் பார்க்கலாம். அதைச் சொல்லும் அறிவிப்பு மூன்று மொழிகளில் இருந்தது. தமிழில் எழுதியது நான். மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்த என் மகளுக்கு மலையாளம் தண்ணீர் பட்ட பாடு, தமிழில் கொம்பு வைக்க யோசிப்பாள். 'சாக்கை விலக்கிப் பார்க்கலாம், தடை ஏதும் இல்லை' என்று நான் எழுதிக் கொடுத்தேன். எழுதிய நானும் விலக்கவில்லை. முதல் நாள் போய்த் திரை முன்னால் நின்று நான்கு போட்டோ எடுத்தேன். துவாரம் வழியாகப் பார்த்தால் அவள் முதுகுதான் தெரியும். திரையில் இமை முடி ஒவ்வொன்றாகத் தெரிகிறது. முதுகைப் போய் யாராவது பார்ப்பார்களா?

அதற்குப் பிறகு போன் போதும் என்று ஆகிவிட்டது. மிளகு அரைபடும்போது மகளைப் பார்ப்பேன். ஏலக்காய் காயும்போது பார்ப்பேன். கூன் போட்டு உட்கார்ந்திருந்தால், "நிமிர்ந்து உட்காருடி" என்று போனைப் பார்த்து மெதுவாகச் சொல்வேன். கொஞ்ச நேரத்தில் நிமிர்வாள். ஒரு தடவை இரண்டு தடவை அல்ல, பல தடவை நடந்தது. பெற்றவள் சொன்னால் சுவர் தாண்டியும் கேட்கும் என்று கணவரிடம் பெருமை அடித்துக்கொண்டேன்.

"நான் சொன்னா பஸ்ஸு கூட கெளம்புது," என்றார் அவர்.

நாட்கள் போகப் போக இணைப்பில் கண்டவர்களும் கருத்து எழுத ஆரம்பித்தார்கள். 'என்ன கண்ணு, என்ன கழுத்து' என்று ஒருவர். இதயம் இதயமாக வேறு. நான் படித்தவள்தான், வேதியியலில் பட்டம் வாங்கியவள்தான், ஆனாலும் இத்தனை கண்கள். திருஷ்டி சுற்றிப் போடலாம் என்றால் மகள் ஒத்துக்கொள்ளவில்லை. மிளகாய் நெடி குர்த்தாவில் நிற்குமாம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் கோடவுனில் இருந்தாள், எனக்கு விடுமுறை. யோசித்துப் பார்த்தேன். கண் பட்டது எதன் மேல்? திரையில் இருக்கிற உருவத்தின் மேல். அப்படியானால் சுற்ற வேண்டியதும் அந்த உருவத்தைத்தான். போனைச் சமையலறை மேடையில் உப்பு ஜாடி மேல் சாய்த்து, மகள் முகம் தெரியும்படி வைத்து, காய்ந்த மிளகாய், உப்பு, கடுகு மூன்றையும் கையில் பொத்தி மூன்று முறை இடமிருந்து வலம், மூன்று முறை வலமிருந்து இடம் சுற்றி, போன் மேல் துப்புவதுபோல் மட்டும் செய்து, அடுப்பில் காய்ந்த இரும்புச் சட்டியில் போட்டேன்.

நெடியே இல்லை. தும்மல் கூட வரவில்லை. நெடி வராவிட்டால் கண் பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

"பாத்தீங்களா, எவ்வளவு கண்ணு பட்டிருக்கு பாத்தீங்களா," என்றேன்.

கணவர் மேலே பார்த்தார். "எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுது."

இந்த நிலையில்தான் பன்னிரண்டாம் நாள் மத்தியானம் பிளாஸ்திரி காணாமல் போனது. கணவரைக் கூப்பிட்டேன்.

"என்னங்க, பாப்பா விரல்ல பிளாஸ்திரி இல்ல."

"கழண்டு விழுந்திருக்கும்." பின்னால் பஸ் ஒன்று உறுமிக்கொண்டிருந்தது.

"காயமும் இல்ல."

"ஆறியிருக்கும்."

"எட்டு மணிக்கு வெட்டினது மூணரைக்கு ஆறுமா? விளையாடாதீங்க."

"சரி, கேமரா தூரத்துல இருக்கும். உனக்கும் கண்ணாடி மாத்தணும். அவதான் அங்க உட்கார்ந்திருக்காளே, நானும் பாத்துட்டுதான் இருக்கேன். கொட்டாவி விட்டா இப்போ."

கொட்டாவி. அந்தக் கொட்டாவியை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். அரைக் கொட்டாவி விட்டு, நடுவில் ஞாபகம் வந்து உதட்டைக் கடித்து மூடுவாள். முந்தின நாளும் இதே மாதிரி. அதற்கும் முந்தின நாள், நான் தேநீர் எடுக்க எழுந்த அதே நேரத்தில். இவ்வளவு ஒழுங்காகக் கொட்டாவி விடுகிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை. அவள் நிமிர்ந்து உட்கார்வதும் தினமும் ஒரே நேரத்தில்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. நான் சொன்னதால் அவள் நிமிரவில்லை. அவள் நிமிரப் போகிற நேரம் எனக்குப் பழகிவிட்டிருந்தது.

திரையில் இருந்தது பதிவு செய்த படம். அப்படியானால் பெண் எங்கே?

மகளுக்குப் போன் செய்தேன், அணைத்து வைத்திருந்தாள். வேலை நேரத்தில் எப்போதும் அணைத்துத்தான் வைப்பாள். ஆனால் எந்த வேலை? வெள்ளை கோட்டைக் கழற்றாமல், தலையில் போட்டிருந்த வலையைக்கூட எடுக்காமல் படியிறங்கினேன். கோடவுனுக்கு நடந்தால் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் அவள் யாரோடோ ஓடிப்போனாள், பிறகு யாரும் இல்லாமல் தனியாக ஓடிப்போனாள், இடப்பள்ளியில் மாலில் படி தடுக்கி விழுந்தாள், கடைசியாகக் கோடவுனின் பின்பக்கத்தில் காயல் இருப்பது ஞாபகம் வந்தது. அதற்கப்புறம் நான் நடக்கவில்லை, ஓடினேன். அவள் நீச்சல் கற்றுக்கொள்ளாததற்குக் காரணம் நான். தண்ணீர் காதில் போகும் என்று வேண்டாம் என்றவள் நான்.

வாசலில் காவலாளி எழுந்து நின்றார். சுக்கு மூட்டை தூக்கிய தமிழர்களோடு பழகி, அவருக்கு ஒரு தமிழ் உண்டு.

"எந்தா சேச்சி, இப்படி ஓடி வர்றது?"

"சேட்டா, என் மகள் எங்க?"

"மோள் அகத்து உண்டல்லோ. காலையில ஞான்தானே பூட்டு திறந்து விட்டது." கையை நீட்டித் திரையைக் காட்டினார். "அங்க நோக்கு. எத்தனை வலுப்பம். இதுக்கு மேல எங்ஙனே காட்டும்?"

"அது அவ இல்ல."

அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் தலை வலையைப் பார்த்தார். "சேச்சி ஒரு சாயா குடிக்கணும்," என்றார் கனிவாக. "அஞ்சு மணிக்கு ஜட்ஜிமார் வரும். மோளுக்கு வெளிநாட்டுல ஒரு வருஷம் கிட்டும்னு எல்லாரும் பறயுது. சேச்சி இப்போ களேபரம் உண்டாக்கண்டா."

பரிசு கிடைத்தால் ஒரு வருடம் வெளிநாட்டில் தங்கலாம் என்கிற விஷயம் எனக்கும் தெரியும். காலையில் கவனம் சிதறி அவள் விரலை வெட்டிக்கொண்டதும் அதனால்தான்.

உள்ளே இருட்டு. திரையின் வெளிச்சம் மட்டும். பத்துப் பதினைந்து பேர் தரையிலும் பெஞ்சுகளிலும் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுக்குத் தூசிக்காக வாசலில் கொடுக்கிற மாஸ்க்கைப் பாதிப் பேர் போட்டிருந்தார்கள். நானும் அண்ணாந்தபடியே நடந்தேன், மகளின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். கடைசி பெஞ்சில் தொப்பி போட்ட ஒரு பெண்ணின் காலை நன்றாக மிதித்துவிட்டேன். "சாரி மோளே" என்று சொல்லிவிட்டு மேலே போனேன்.

சாக்கை விலக்கினேன்.

நாற்காலி காலியாக இருந்தது. பக்கத்தில் ஒரு ஸ்டூலில் லேப்டாப் ஓடிக்கொண்டிருந்தது, அதில் சின்னதாக என் மகள். காயல் பக்கத்துக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது.

காவலாளியைக் கூப்பிட்டிருக்க வேண்டும். அல்லது போலீசை. ஆனால் அந்த நொடியில் வெளியே யாரோ மலையாளத்தில் "அவர் எத்தி, நேரத்தே எத்தி" என்று சொல்வது கேட்டது. நடுவர்கள் முன்கூட்டியே வந்துவிட்டார்கள். மகள் எங்கே என்ற பயம் ஒரு பக்கம், மகள் ஊரை ஏமாற்றினாள் என்று நான்கு பேர் சொல்லிவிடுவார்களே என்ற பயம் இன்னொரு பக்கம். இரண்டு பயமும் சேர்ந்தால் எனக்கு மூளை வேலை செய்யாது, கால்தான் வேலை செய்யும். பக்கவாட்டுப் பலகைக் கதவைத் திறந்து உள்ளே போனேன். சாக்கை விலக்கி யாராவது பார்த்தால் ஒரு முதுகு தெரிய வேண்டும், அவ்வளவுதான். முதுகுக்கு வயது தெரியாது என்று நினைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த வேகத்தில் குதிகாலில் ஏதோ வயர் மாட்டியது. இழுத்தேன். லேப்டாப்பிலிருந்து அது பிடுங்கிக்கொண்டு வந்தது. படம் நின்றுபோய், எதிரே கேமராவின் தலையில் ஒரு சிவப்புப் பொட்டு எரிந்தது.

வெளியே சத்தம் நின்றது. பிறகு "ஐயோ" என்று ஒரு பெண் குரல். பிறகு ஒரு ஆண் குரல் நிதானமாக, "இத்ர வேகம் வயசாயோ?" என்றது, இத்தனை சீக்கிரம் வயதாகிவிட்டதா என்று. யாரோ சிரித்தார்கள். யாரோ கைதட்டினார்கள்.

கையிலிருந்த போன் அதிர்ந்தது. கணவர் எழுதியிருந்தார்: 'நீ எப்படி அதுக்குள்ள போன?'

அடுத்து: 'பாப்பா எங்க?'

அடுத்து, ஒரு நிமிடம் கழித்து: 'தலைல வலை. எடு.'

எடுக்கவில்லை. எடுக்கப் போனால் மூன்று மடங்கு பெரிய கை மூன்று மடங்கு பெரிய தலையில் மேய்வதை எல்லோரும் பார்ப்பார்கள். முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்றும் தெரியவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது, மூக்கு அரித்தது. இருபத்தி மூன்று வருடமாக அவளை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். இப்படி ஒரு பக்கம் மட்டும் பார்வை வந்து கொட்டுகிற இடத்தில், திருப்பிப் பார்க்க வழி இல்லாமல் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. இடுப்பு வலித்தது. மகள் முதல் மூன்று நாளும் இடுப்பு வலி என்று சொன்னாள். நான்காம் நாளிலிருந்து சொல்லவில்லை. பழகிவிட்டது என்று நினைத்தேன்.

பலகைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் நெருங்கி வந்து பேசினார்கள். மலையாளத்தில்தான், ஆனால் ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"நாற்காலி காலியா இருக்கும்னுதானே அந்தப் பொண்ணு நமக்கு எழுதிக் கொடுத்திருந்தது?" என்றது பெண் குரல்.

"ஆமாம். மூணு நாள் உட்கார்ந்து படம் எடுத்துட்டு, அதுல ஒரு நாள் படத்தையே தினமும் ஓடவிட்டு வெளியில வந்துடுவேன்னு எழுதியிருந்தா. யாராவது சாக்கை விலக்கி, நாற்காலி காலின்னு கண்டுபிடிக்கிற வரைக்கும் பார்வையாளரோட பார்வையாளரா உட்கார்ந்திருப்பேன்னு," என்றது ஆண் குரல். "இந்த அம்மா யாருன்னு எழுதலையே."

"இதுவரைக்கும் யாராவது விலக்கினாங்களா?"

"ஒருத்தர் கூட இல்லையாம்."

எனக்குப் பயத்தில் பாதி இறங்கியது. இறங்கிய இடத்தில் வேறொன்று ஏறியது. காலியாக இருக்க வேண்டிய நாற்காலி. ஒன்பது நாள் யாராவது கண்டுபிடிப்பார்களா என்று அவள் காத்திருந்த நாற்காலி. கண்டுபிடித்த முதல் ஆள் நான், கண்டுபிடித்த கையோடு அதில் ஏறி உட்கார்ந்து மூடி மறைத்ததும் நான். ஒரு வருட வெளிநாட்டை என் எழுபத்திரண்டு கிலோவை வைத்து அழுத்திவிட்டேன். போதாததற்கு, திருஷ்டி சுற்றியதெல்லாம் பழைய படத்துக்கு.

எழுந்தால் கெடுத்தது தெரிந்துவிடும், உட்கார்ந்திருந்தால் மேலும் கெடும். கேமராவையே பார்த்தேன். அழுதேன் என்றுதான் நினைக்கிறேன். இந்த அழுகையைக் கணவர் பிறகு எனக்குப் போட்டுக் காட்டினார், நான் பார்க்க மறுத்துவிட்டேன். இப்போதும் மகள் அறையில் இருக்கிறாள் என்று யாராவது சொன்னால், போய்த் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறேன். அவளுக்கு எரிச்சல். இருக்கட்டும்.

எனக்குப் பின்னால் சாக்கு சரசரத்தது. நடுவர்தான் விலக்குகிறார் என்று நினைத்து, முதுகை இன்னும் நேராக்கி, இருபத்தி மூன்று வயது முதுகாக்க முயன்றேன். தாங்க முடியாமல் திரும்பிப் பார்த்தேன்.

சாக்கின் ஓரத்தைப் பிடித்திருந்த விரல்கள் முதலில் தெரிந்தன. அவற்றில் ஒன்றில் நீலப் பிளாஸ்திரி. பிறகு தொப்பி, தாடைக்கு இறக்கிவிட்ட மாஸ்க், பாதிச் சிரிப்பிலும் பாதி அழுகையிலும் இருந்த என் மகளின் முகம். ஒரு மடங்குதான், அவ்வளவு சின்னதாக.

"கடைசி பெஞ்சுலதாம்மா இருந்தேன்," என்றாள். "என் காலை மிதிச்ச. 'சாரி மோளே'ன்னு சொன்ன. திரும்பிக்கூடப் பாக்காமப் போயிட்ட."